கேரளம்: யாரும் விசாரிக்காத ஆண்கள்

எழுத்தறிவிலும் மருத்துவத்திலும் ஆயுளிலும் நாட்டுக்கே முன்மாதிரியான மாநிலம், தற்கொலையிலும் முன்வரிசையில் நிற்கிறது. உயிரை மாய்த்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் காதலில் தோற்ற இளைஞர்கள் அல்ல. நடுவயதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள்.

2002-ம் ஆண்டு கேரளத்தில் லட்சம் பேருக்கு 30.8 பேர் என்ற விகிதத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். 2023-ல் அந்த விகிதம் 30.6. இடைப்பட்ட 21 ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் மாறாதது எதுவுமில்லை. ஆட்சிகள் மாறின. ஓட்டு வீடுகள் கான்கிரீட் மாளிகைகளாயின. வளைகுடாவுக்குப் போன அப்பாவின் மகன் இப்போது கனடாவுக்குப் போகிறான். இந்த ஒரு எண் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

'திரும்பி வந்திருக்கிறது' என்ற சொல் முக்கியமானது. ஏனென்றால் அது நடுவில் இறங்கியது. 2002-ல் 9,810 ஆக இருந்த தற்கொலைகள் 2015-ல் 7,692 ஆகக் குறைந்தன. விகிதம் 21.6-க்கு இறங்கியது. சிரமப்பட்டு இறங்கிய இந்த எண் பிறகு படிப்படியாக ஏறத் தொடங்கியது. 2019-ல் 24.3. கோவிட் தாக்கிய 2020-ல் 24.0. அடுத்த மூன்று ஆண்டுகளில் 26.9, 28.5, 30.6 என்று பாய்ச்சல். 2023-ல் மட்டும் 10,972 பேர் - நாளொன்றுக்கு 30 பேர்.

அதே ஆண்டில் அகில இந்திய சராசரி 12.3. நாட்டின் மக்கள்தொகையில் மூன்று சதவிகிதம்கூட இல்லாத மாநிலத்தில், நாட்டின் தற்கொலைகளில் ஆறு சதவிகிதத்துக்கும் மேல் நிகழ்கின்றன. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் கேரளத்துக்கு மேலே இருப்பவை அந்தமான்-நிகோபாரும் சிக்கிமும்தான். இரண்டுமே சில லட்சம் பேர் வாழும் சின்னஞ்சிறு பகுதிகள். பெரிய மாநிலங்களில் முதலிடம் கேரளத்துக்கே.

இத்தனைக்கும் இது சோறில்லாத, பள்ளியில்லாத, ஆஸ்பத்திரியில்லாத மாநிலம் அல்ல. 2011 சென்சஸ்படி நூற்றில் 94 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். 2023 கணக்கின்படி பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை ஐந்து. நாட்டின் சராசரி 25. பிறந்த குழந்தையை ஐரோப்பிய நாடுகளுக்கு இணையாகக் காப்பாற்றத் தெரிந்த சமூகத்துக்கு, ஐம்பது வயது மனிதரைக் காப்பாற்றத் தெரியவில்லை.

எண்ணுவதிலும் வித்தியாசம்

கேரளத்தின் எண்ணைப் பார்த்து மிரளும் முன் ஒரு எச்சரிக்கை அவசியம். 2022-ல் பீகாரின் தற்கொலை விகிதம் 0.6, உத்தரப் பிரதேசத்தின் விகிதம் 3.5 என்கிறது அதே ஆவணக் காப்பகம். பீகாரிகளைவிட மலையாளிகள் நாற்பது மடங்குக்கு மேல் மனம் நொந்தவர்கள் என்று யாரும் நம்பப் போவதில்லை. போலீஸ் நிலையத்தில் பதிவானால்தான் தற்கொலை கணக்கில் ஏறும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பொழுது சாய்வதற்குள் சிதை மூட்டிவிட்டால் அது கணக்கில் வராது. கேரளத்தில் ஏறக்குறைய எல்லா மரணங்களும் பதிவாகின்றன. சந்தேகத்துக்கு இடமான மரணம் என்றால் பிரேத விசாரணையும் பரிசோதனையும் நடந்துவிடுகின்றன. ஆகவே கேரளத்தின் எண் உண்மைக்கு நெருக்கமானது. மற்ற பல மாநிலங்களின் எண் உண்மைக்குத் தொலைவானது.

ஆனால் இந்தச் சமாதானம் பாதி தூரம்தான் போகும். போலீஸ் கணக்கை ஒதுக்கிவிட்டு, நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று மரணங்களின் காரணத்தை விசாரித்தது 'பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு'. அதன் முடிவுகள் 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயின. 2010-ல் இந்தியாவில் சுமார் 1,87,000 பேர் தற்கொலை செய்துகொண்டதாக அது மதிப்பிட்டது. போலீஸ் கணக்கில் இருந்ததோ 1,34,599. அந்த ஆய்வின் இன்னொரு முடிவு தெற்கத்தியர்களை உறுத்த வேண்டியது. ஆந்திரம், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்களில் அப்போது வாழ்ந்தவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் 22 சதவிகிதம். ஆனால் தற்கொலை செய்துகொண்ட ஆண்களில் 42 சதவிகிதமும் பெண்களில் 40 சதவிகிதமும் இங்கேதான். எண்ணும் முறையைச் சரிசெய்த பிறகும் தெற்கின் சுமை தெற்கிலேயே இருக்கிறது. 2022-ல் தெலங்கானாவின் விகிதம் 26.3, தமிழ்நாட்டின் விகிதம் 25.9. கேரளம் தனித்த விதிவிலக்கு அல்ல, வரிசையின் முன்னால் நிற்கும் மாநிலம்.

இறப்பவர் யார்?

வரிசையின் முன்னால் நிற்பது மட்டுமல்ல, கேரளத்தின் தற்கொலைக்கு முகமும் வேறு.

இந்தியாவின் தற்கொலை இளமையின் தற்கொலை. 2022-ல் நாடெங்கும் உயிரை மாய்த்துக்கொண்ட 1,70,924 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். பரீட்சை, காதல், வரதட்சிணை, புதுக் கல்யாணம், வேலையின்மை என்று நாம் வழக்கமாகக் கேள்விப்படும் காரணங்கள் எல்லாம் இந்த வயதுக்குரியவை. கேரளத்தின் பட்டியலில் படம் மாறுகிறது. இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், சில ஆண்டுகளில் அதற்கும் மேல், 45 வயதைத் தாண்டியவர்கள். அறுபதைக் கடந்தவர்களின் பங்கும் தேசிய சராசரியைவிட மிக அதிகம்.

ஆண்-பெண் விகிதமும் அப்படியே. நாடு முழுவதும் நூறு பேரில் 72 பேர் ஆண்கள் என்றால், கேரளத்தில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். பெரும்பாலோர் மணமானவர்கள். தனிக்கட்டைகள் அல்ல, கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, வீடு கட்டி, ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்கள். மலையாளப் பத்திரிகைகளின் உள்ளூர்ப் பக்கங்களில் இத்தகைய மரணச் செய்திகளில் அடிக்கடி தென்படும் ஒரு சொல் உண்டு: 'கிருஹநாதன்'. வீட்டின் தலைவன். பெயரைவிட அந்தப் பட்டம்தான் தலைப்பில் முந்திக்கொண்டு நிற்கும். கேரளத்தின் சிக்கலும் அந்தப் பட்டத்துக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

வீட்டின் தலைவன் கடன் வாங்கலாம். கடனை அடைக்க முடியவில்லை என்று சொல்லக்கூடாது. உடல் நலிவுறலாம், மனம் நலிவுற்றது என்று சொல்லக்கூடாது. மகள் கல்யாணத்துக்கு நகை வாங்கியது எப்படி என்று மனைவியே கேட்கக்கூடாது. பெண் அழுதால் அக்கம்பக்கம் விசாரிக்கும். குடும்பஸ்ரீ கூட்டத்தில் நாலு பெண்கள் கூடினால் வீட்டுக் கதை வெளியே வந்துவிடும். 1998-ல் தொடங்கிய அந்த மகளிர் சுயஉதவி இயக்கம் வாராவாரம் பெண்களைப் பேசவைக்கிறது. ஆண்களுக்கு அப்படி ஒரு திண்ணை இல்லை. இருந்த டீக்கடையிலும் வாசகசாலையிலும் அரசியல் பேசலாம். தன்னைப் பற்றிப் பேச முடியாது. மிச்சமிருப்பது மதுக்கடை வரிசை. அங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

'குடும்பப் பிரச்சினை' என்ற பெட்டி

ஏன் இறந்தார்கள்? அரசு ஆவணங்களில் அதற்கும் ஒரு பத்தி உண்டு. அதில் கேரளத்தில் எப்போதும் முதலிடம் 'குடும்பப் பிரச்சினை'க்கு. அடுத்தது நோய். அகில இந்தியக் கணக்கிலும் இதே வரிசைதான்: 2022-ல் குடும்பப் பிரச்சினை 31.7 சதவிகிதம், நோய் 18.4 சதவிகிதம்.

இந்தப் பத்தியை நிரப்புபவர் மனநல மருத்துவர் அல்ல. பிரேத விசாரணைக்கு வந்த போலீஸ் அதிகாரி. சவத்துக்கு அருகில் நிற்கும் மச்சினனிடமோ அண்ணனிடமோ இரண்டு கேள்வி கேட்டு அவர் எழுதுவதுதான் காரணம். பல ஆண்டு மனச்சோர்வு, குடி, கடன், வேலையிழப்பு, கணவன்-மனைவி சண்டை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஒரு வாழ்க்கையில், எதைக் காரணம் என்பது? எல்லாவற்றையும் போட்டு மூடும் பெட்டியாக 'குடும்பப் பிரச்சினை' பயன்படுகிறது. நோய் என்று எழுதப்படுவதில் மனநோய் எவ்வளவு, தீராத உடல்வலி எவ்வளவு, வைத்தியச் செலவின் பயம் எவ்வளவு என்பதும் அந்தப் பெட்டிக்குள்தான்.

பெட்டியைத் திறந்தால் அடிக்கடி கையில் படுவது கடன். கேரளத்தில் கந்துவட்டிக்காரருக்கு 'பிளேடு' என்று பெயர். தொட்டால் அறுக்கும் என்பதால் வந்த பெயர். 2014-ல் திருவனந்தபுரத்தில் கடன் தொல்லையால் ஒரு குடும்பமே மாண்டதை அடுத்து, அப்போதைய உள்துறை அமைச்சர் ரமேஷ் சென்னிதலா 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பிளேடுக்காரர்களின் வீடுகளில் சோதனை நடத்த உத்தரவிட்டார். பிளேடு மட்டுமா? வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் வாசலில் ஒட்டும் ஜப்தி நோட்டீசுக்கும் அதே கூர்மை உண்டு. நுகர்வில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் வீடு என்பது வசிக்கும் இடம் மட்டுமல்ல, ஊருக்குக் காட்டும் ஜாதகம். அதன் கதவில் நோட்டீஸ் ஒட்டப்பட்ட மறுநாள் தெருவில் நடப்பது எளிதல்ல.

கேரளத்துக்கு நெடுநாள் அவப்பெயர் தேடித் தந்த குடும்பத் தற்கொலைகளும் பெரும்பாலும் இங்கிருந்தே கிளம்புகின்றன. தான் போன பிறகு மனைவி மக்கள் அவமானப்படுவார்களே என்று தகப்பன் எடுக்கும் முடிவு. ஒன்றாகச் சேர்ந்து இறந்தார்கள் என்று செய்தி சொல்கிறது. ஆனால் அதில் உள்ள குழந்தைகள் எதையும் முடிவு செய்யவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது கொலை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'விதி' என்று இரங்கிவிட்டுப் போவது, அடுத்த தகப்பனுக்குச் சமாதானம் சொல்லிக் கொடுப்பது போன்றது.

வரைபடம் சொல்வது

மாநிலத்துக்குள்ளேயே வரைபடம் ஒரே நிறத்தில் இல்லை. தென்கோடியில் திருவனந்தபுரமும் கொல்லமும், மலைப்பகுதியில் இடுக்கியும் வயநாடும் தொடர்ந்து கவலைக்குரிய மாவட்டங்கள். 2019-ல் நாட்டின் 53 பெருநகரங்களில் மிக அதிகத் தற்கொலை விகிதம் கொல்லத்துக்கு - 41.2. முந்திரி ஆலைகளுக்குப் பேர் போன அந்த ஊர் டெல்லியையும் சென்னையையும் பின்னுக்குத் தள்ளியது.

மறுமுனையில் மலப்புறம். மாநிலத்திலேயே அதிக மக்கள் வாழும் மாவட்டம். ஆனால் தற்கொலை விகிதம் ஆண்டுக்காண்டு அடிமட்டத்திலேயே இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் என்பதால் மதத் தடையும் மது விலக்கும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மலப்புறம் கேரளத்தின் இளமையான மாவட்டமும்கூட. வீட்டில் ஆட்கள் அதிகம், குழந்தைகள் அதிகம், தனியாக இருக்கும் முதியவர்கள் குறைவு. இறப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்ற மாநிலத்தில், இளமையான மாவட்டத்தில் எண் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் கூட்டம் உள்ள வீடு ஒரு காவல் என்ற பாடத்தை மலப்புறத்திலிருந்து எந்த மதத்தாரும் எடுத்துக்கொள்ளலாம்.

வயநாட்டின் கதை வேறு. கறுப்புப் பொன் என்று கொண்டாடப்பட்ட மிளகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விவசாயியைக் கைவிட்டது. 1999-ல் உச்சத்தில் இருந்த விலை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. காப்பியும் உடன் சரிந்தது. போதாக்குறைக்கு விரைவு வாடல் நோய் கொடிகளை அழித்தது. நல்ல காலத்தில் கடன் வாங்கியவர்கள் கெட்ட காலத்தில் மாட்டிக்கொண்டார்கள். விவசாயிகளின் தற்கொலைகள் பெருகிய 31 மாவட்டங்களுக்கு 2006-ல் மத்திய அரசு சிறப்புத் திட்டம் அறிவித்தபோது அதில் கேரளத்தின் வயநாடு, பாலக்காடு, காசர்கோடு மூன்றும் இருந்தன. மாநில அரசு சட்டம் இயற்றி விவசாயிகளுக்கான கடன் நிவாரண ஆணையத்தை அமைத்தது. விலையும் மெல்ல மீண்டது. 2018 வெள்ளத்துக்குப் பின் இடுக்கியில் அதே கதை திரும்பத் தொடங்கியபோது, 2019 மார்ச்சில் அரசு விவசாயக் கடன்களுக்கு அந்த ஆண்டு முடியும்வரை அவகாசம் அறிவித்தது. நோட்டீஸ் நின்றால் உயிர் நிற்கும் என்று வயநாட்டில் கற்ற பாடம் அது.

போனவர்களும் இருப்பவர்களும்

2023-ல் நடந்த கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி சுமார் 22 லட்சம் மலையாளிகள் வெளிநாட்டில் இருந்தார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் மாநிலம் ஓடுகிறது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் இங்கே ஒரு மறுபக்கம் உண்டு. 2011 சென்சஸில் கேரளத்தில் பூட்டிக் கிடந்த வீடுகள் பத்து லட்சத்துக்கும் மேல். பூட்டாத வீடுகள் பலவற்றில் இருப்பது இரண்டு முதியவர்கள், பிறகு ஒருவர். அறுபதைக் கடந்தவர்கள் அதே சென்சஸில் 12.6 சதவிகிதம், 2021-க்கான மதிப்பீட்டில் 16.5 சதவிகிதம். நாட்டிலேயே முதுமை மிகுந்த மாநிலம் இதுதான். மாதாமாதம் பணம் வருகிறது, மருந்து வருகிறது, வீடியோவில் பேரன் முகம் வருகிறது. இரவில் எழுந்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் வருவதில்லை.

திரும்பி வந்தவரின் நிலை இன்னும் சிக்கல். இருபது ஆண்டுகள் துபாயிலோ தமாமிலோ உழைத்தவர், ஊரில் வருடத்துக்கு ஒரு மாத விருந்தாளியாக இருந்தவர். வேலை போய் நிரந்தரமாகத் திரும்பும்போது பிள்ளைகளுக்கு அவர் பழக்கமில்லாத மனிதர். ஊருக்கு அவர் இன்னும் பணக்காரர். கோவிட் காலத்தில் லட்சக்கணக்கானோர் இப்படித் திரும்பினார்கள். அதே காலத்தில் உள்ளூரில் கடைகள் மூடிக் கிடந்தன. திருவிழாவும் கல்யாணமும் நின்றுபோனதால் மைக் செட், பந்தல், விளக்கு அமைப்பவர்கள் கடனில் மூழ்கினார்கள். 2021-ல் இத்தொழிலில் இருந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தன. கோவிட் முடிந்தது, தவணைகள் முடியவில்லை. 2020-ல் ஏறாத எண், 2021 முதல் ஏறியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சேர்க்கலாம்.

ஆண்களைப் பற்றிப் பேசுவதால் பெண்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்கிறார்கள் என்று அர்த்தமல்ல. தற்கொலைக்கு முயல்பவர்களில் பெண்களே அதிகம் என்பது உலகெங்கும் மருத்துவர்களின் அனுபவம். வரதட்சிணைக் கொடுமை கேரளத்திலும் உயிர் குடிக்கிறது. 2021 ஜூலையில் அப்போதைய ஆளுநர் ஆரிப் முகமது கான் வரதட்சிணைக்கு எதிராக ஒருநாள் உண்ணாவிரதமே இருந்தார். 2020-ல் ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 முதல் ஜூலை தொடக்கம்வரை 18 வயதுக்கு உட்பட்ட 66 பேர் தற்கொலை செய்துகொண்டதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தபோது மாநிலம் உறைந்து போனது. உடனடியாக மாணவர்களுக்கு ஆலோசனைத் திட்டமும், குழந்தைகளுக்காக 'சிரி' என்ற போலீஸ் உதவி எண்ணும் வந்தன. தேவையான நடவடிக்கைதான். ஆனால் அறுபது வயதுக்காரர்களுக்காக அப்படி மாநிலம் ஒருநாளும் உறைந்ததில்லை.

ஊளம்பாறை என்ற வசவு

மது இந்தக் கதையில் வில்லனா, துணை நடிகரா? இரண்டும்தான். மனச்சோர்வில் இருப்பவன் குடிக்கிறான், குடித்தவனின் மனச்சோர்வு கூடுகிறது, தயக்கம் குறைகிறது. ஆனால் கடையை மூடினால் தீரும் என்பதற்குச் சாட்சி இல்லை. ஏ.கே. அந்தோணி அரசு 1996 ஏப்ரலில் சாராயத்தைத் தடை செய்தது. ஆறு ஆண்டு கழித்து 2002-ல்தான் தற்கொலை விகிதம் உச்சம் தொட்டது. 2014-ல் பார்கள் மூடப்பட்டன, 2017-ல் திறக்கப்பட்டன. எண் தன்வழியே போனது. குடியைத் தனியாகவும் மனச்சோர்வைத் தனியாகவும் பார்க்கும்வரை இரண்டும் தப்பிவிடும்.

சிகிச்சைக்கு வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 14 மாவட்டங்களிலும் இயங்குகிறது. 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் குடும்ப நல மையங்களில் 'ஆஸ்வாசம்' என்ற பெயரில் மனச்சோர்வுக்கான பரிசோதனையும் நடக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருபவரிடம் தூக்கம் எப்படி, வாழ்க்கையில் பிடிப்பு எப்படி என்று நர்ஸ் கேட்பதே அதன் அடிப்படை. நல்ல யோசனை. ஆனால் பகல் பத்து மணிக்கு மையத்தின் வரிசையில் நிற்பவர்களில் பெண்களே அதிகம். வேலைக்குப் போகும் ஆண் அங்கே வருவதில்லை.

வந்தாலும் வாய் திறக்க விடாமல் தடுப்பது பழைய கேலி. தமிழில் 'கீழ்ப்பாக்கம்' எப்படி வசவானதோ, அப்படியே மலையாளத்தில் 'ஊளம்பாறை'யும் 'குதிரவட்டமும்'. முதலாவது திருவனந்தபுரத்தின் அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம், இரண்டாவது கோழிக்கோட்டுக்காரர்களுடையது. ஊர்ப் பெயரே வசவாகிவிட்ட சமூகத்தில் டாக்டரைப் பார்க்கப் போவது பஸ் டிக்கெட் எடுக்கும்போதே அம்பலமாகிவிடும். 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலக் குறைபாடு உள்ளவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவிகிதம் பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை என்றது. பனிரெண்டு மாநிலங்களில் நடந்த அந்த ஆய்வில் கேரளமும் ஒன்று.

சட்டம் ஒருவழியாக மனம் மாறியிருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவை உச்ச நீதிமன்றம் 1994-ல் செல்லாது என்றது; 1996-ல் செல்லும் என்றது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர், தண்டிக்கப்பட வேண்டியவர் அல்ல என்றது. 2024 ஜூலை முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரைப் பணிசெய்ய விடாமல் தடுப்பதற்காக முயல்வது மட்டும் குற்றமாக மிஞ்சியிருக்கிறது. போலீசுக்குப் பயந்து முயற்சியை 'தவறிப் போய் நடந்த விபத்து' என்று ஆஸ்பத்திரியில் எழுதவைத்த குடும்பங்கள் இனி உண்மையைச் சொல்லலாம். சொல்வது அவசியம். ஒருமுறை முயன்றவர்தான் மறுபடி முயலும் ஆபத்து அதிகம் உள்ளவர். காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனதைப் பார்க்காமல் விடுவது பாதி சிகிச்சை.

இறங்கிய வழி

அப்படியானால் 2002-க்கும் 2015-க்கும் இடையில் எண் இறங்கியது எப்படி? ஒற்றைக் காரணம் யாரிடமும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். மிளகும் ரப்பரும் விலை மீண்டன. கடன் நிவாரண ஆணையம் வந்தது. வளைகுடாப் பணம் பெருகியது. மனநல மருத்துவர்கள் சங்கங்களும், கொச்சியின் 'மைத்ரி' போன்ற தொண்டு அமைப்புகளும் தொலைபேசியின் மறுமுனையில் காது கொடுத்துக் கேட்கும் வேலையைச் செய்தன. 2011-ல் கொடிய நச்சுத்தன்மை கொண்ட 14 பூச்சிமருந்துகளை மாநிலம் தடை செய்தது. கையெட்டும் தூரத்தில் விஷம் இல்லாவிட்டால், மனம் மாறக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்பது இதன் தத்துவம். 1990-களில் இலங்கை இதே வழியில் தன் தற்கொலை விகிதத்தைப் பெருமளவு குறைத்தது. கேரளத்திலும் பூச்சிமருந்தால் நிகழும் மரணங்கள் குறைந்தன.

பத்திரிகைகளும் திருந்தின. ஒரு காலத்தில் இறந்தவரின் கடைசிக் கடிதத்தைப் பெட்டி கட்டி அச்சிட்ட மலையாள ஏடுகள், இன்று செய்தியின் முடிவில் 'தற்கொலை எதற்கும் தீர்வல்ல' என்ற பொருளில் ஒரு வரியும் உதவி எண்ணும் சேர்க்கின்றன. முறையையும் இடத்தையும் விவரிக்காதீர்கள் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-ல் வழிகாட்டியது. தொலைக்காட்சியும் கைபேசியும் இந்த வழிகாட்டலை எந்த அளவுக்குப் பின்பற்றுகின்றன என்பது வேறு விஷயம்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்தவை. மாத்திரை முக்கியம்தான். ஆனால் ஜப்தி நோட்டீஸ் அனுப்பும் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர், சிட் பண்ட் ஏஜென்ட், வேலையிழந்து திரும்பியவரைப் பதிவு செய்யும் அலுவலர், தனியாக இருக்கும் முதியவருக்குப் பென்ஷன் கொண்டுவரும் ஊழியர் - இவர்கள்தான் ஆபத்தில் இருக்கும் மனிதரை டாக்டருக்கு முன்பே சந்திப்பவர்கள். வயதான தாத்தாவின் மருந்து டப்பாவைப் பார்க்கும் ஆஷா ஊழியர், கூடவே 'ராத்திரி தூங்கினீங்களா' என்று கேட்கப் பழகினால் அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மதுக்கடை அடைக்கும் நேரம்வரை திறந்திருக்கும் ஒரு மாலை நேர மனநலப் பிரிவு வேலைக்குப் போகும் ஆண்களை எட்டலாம். பகலில் மட்டும் திறந்திருக்கும் பிரிவு அவர்களை எட்டாது.

2022 நவம்பரில் மத்திய அரசு முதல்முறையாக தேசிய தற்கொலைத் தடுப்புக் கொள்கையை வெளியிட்டது. 2020-ஐ ஒப்பிட 2030-க்குள் தற்கொலை மரணங்களைப் பத்து சதவிகிதம் குறைப்பது அதன் இலக்கு. கேரளத்தின் 2020 விகிதமான 24.0-ல் பத்து சதவிகிதத்தைக் கழித்தால் கிடைப்பது 21.6. அது கேரளம் காணாத எண் அல்ல. 2015-ல் அந்த மாநிலம் நின்றிருந்த அதே இடம். ஒருமுறை போய்வந்த வழிதான். இந்த முறை அதில் நடுவயது ஆண்களையும் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

(மனம் தளர்ந்திருப்பவர்களும், அப்படி ஒருவரைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் 'டெலி மானஸ்' இலவசத் தொலைபேசி எண் 14416-ல் இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 'திஷா' உதவி எண்: 1056.)